ஒன்றேகால் மணிப் பிடி

ஐப்பசி அடைமழை விட்டு வெயில் முகம் காட்டிய ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், சாணைப்பாறை ஊரில் மடக்குக் கத்திகளுக்குப் பிடி பார்க்கிற தவசிலிங்கம் இட்லியைப் பிட்டுச் சட்னியில் தொட்டு வாய்க்குக் கொண்டுபோன நேரத்தில், அவருடைய வலது உள்ளங்கைக்குள் வேறு யாரோ ஒருவர் கை வைத்தார். அவர் திரும்பிப் பார்த்தார், யாரும் இல்லை, கை மட்டும் இருந்தது. கொஞ்சம் பெரிய கை, பெருவிரல் ஓரத்தில் காய்ப்புக் காய்த்த கை, ஒரு சின்னத் தண்டைச் சாய்வாகச் சீவி, நிறுத்தி, மறுபடி சீவுகிற கை. மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டுகிறவனின் கை அது என்று அவருக்கு உடனே விளங்கிவிட்டது, ஏனென்றால் கை பார்ப்பதுதான் அவர் தொழில்.

"யாரோ ஒட்டுக் கட்டுதான்" என்று மனைவி வடிவிடம் சொன்னார்.

"சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் பொறுக்கச் சொல்லுங்க" என்றாள் வடிவு, இன்னும் இரண்டு இட்லியை எடுத்து வைத்தபடியே.

சாணைப்பாறையில் அடுப்பெரிகிற வீடுகளில் பாதிக்கு மேல் மைதீன் முதலாளியின் கத்திப் பட்டறையை நம்பித்தான் எரிந்தன. பட்டறையில் இரும்பு அடிக்கிறவர்கள் இருந்தார்கள், சாணை பிடிக்கிறவர்கள் இருந்தார்கள், மரப்பிடி இழைக்கிறவர்கள் இருந்தார்கள், ஆனால் ஒரு கத்தி பெட்டிக்குள் போவதற்கு முன்னால் கடைசியாகத் தவசிலிங்கத்தின் கைக்குப் போக வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு மடக்கிய கத்தியை ஏந்துவார், அலகின் நகப் பள்ளத்தில் நகத்தை விட்டுத் திறப்பார், அலகு பெருவிரல் பக்கம் நீள முன்பிடியாகவும் சுண்டுவிரல் பக்கம் நீளப் பின்பிடியாகவும் பிடிப்பார், உள்ளங்கையில் எண்ணெய் தடவி வழுக்குகிறதா என்று பார்ப்பார், ஒரு துண்டு கயிறும் ஒரு துண்டு வாழைத்தண்டும் அறுப்பார், பிறகு ஒரே ஒரு வார்த்தை சொல்லுவார். "சரி" என்றால் பெட்டிக்குப் போகும், "உறுத்துது" என்றால் இழைக்கிறவரிடம் திரும்பிப் போகும். நல்ல பிடி என்பது எந்தக் கைக்கும் மாட்டேன் என்று சொல்லக்கூடாது, பிடித்த கை பிடித்திருப்பதையே மறந்துவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. அப்படி முப்பத்தொரு வருடமாக அவர் "சரி" சொல்லி அனுப்பிய கத்திகள் தோட்டங்களிலும் தோணிகளிலும் சமையற்கட்டுகளிலும் மடிக்குள்ளும் கிடந்தன, அந்தச் செவ்வாய்க்கிழமையிலிருந்து அவற்றை யார் எங்கே பிடித்தாலும் அவருடைய கையையே பிடித்தார்கள்.

முதல் வாரம் அவருக்குத் தலைகால் புரியவில்லை. சந்தைக்குள் நின்றால் ஆயிரம் பேர் பேசுகிற சத்தம் ஒரே இரைச்சலாகக் கேட்குமே, அப்படித்தான் கைக்குள் கூட்டமாக இருந்தது. டாக்டர் நரம்புத் தளர்ச்சி என்று மாத்திரை எழுதினார், மாத்திரையைப் போட்டதில் தூக்கம் நன்றாக வந்தது, கைகள் போகவில்லை. மாடன் கோயில் பூசாரி விபூதி பூசினார், தர்காவில் மணிக்கட்டுக்குக் கயிறு கட்டினார்கள், மைதீன் முதலாளி தன் செலவில் நல்லெண்ணெயில் கை ஊறவைக்கச் சொன்னார், எல்லாம் செய்து பார்த்து ஒன்றும் ஆகாமல் போகவே ஊர் அதைப் பழகிக்கொண்டது. ஒரு வீட்டில் ஒருவருக்குக் காது மந்தம், ஒரு வீட்டில் ஒருவருக்குச் சர்க்கரை, தவசிலிங்கத்துக்குக் கை என்று ஆகிவிட்டது.

பழகியதோடு ஊர் நிற்கவில்லை, பயன்படுத்தவும் ஆரம்பித்தது. மஸ்கட்டில் பேரீச்சந்தோட்டத்தில் வேலை பார்க்கிற புருஷனிடமிருந்து மூன்று வாரமாக போன் வரவில்லை என்று ஜெயராணி ஒரு நாள் வந்து நின்றாள். அவன் கொண்டுபோன கத்தி எது, அவன் இடக்கைக்காரனா, ஆள்காட்டி விரலில் தழும்பு உண்டா என்று தவசிலிங்கம் கேட்டுக்கேட்டு, இரைச்சலுக்குள்ளிருந்து அந்தக் கையைப் பிரித்தெடுத்து, "குலை வெட்டுதான், பயப்படாத, நல்லா வேலை செய்யுதான்" என்றார். அவள் அழுதுவிட்டாள். அதற்குப் பிறகு வேலை விட்டதும் அவர் வீட்டு வாசலில் பெண்கள் வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள். சும்மா விவரம் கேட்டதோடு சிலர் திருப்திப்படவில்லை, புருஷன் பிடித்திருக்கிற நேரத்தில் அவர் கையைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளவும் கேட்டார்கள், வடிவு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற நிபந்தனையின்பேரில் அதுவும் நடந்தது. இந்தப் பக்கத்திலிருந்து அழுத்தினால் அந்தப் பக்கம் தெரியுமா என்று ஜெயராணி போன் போட்டுச் சோதித்துப் பார்த்தாள். தவசிலிங்கம் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார், மஸ்கட்டில் ஒன்றும் தெரியவில்லை. அவரால் வாங்கிக்கொள்ளத்தான் முடிந்தது, திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

சாணைப்பாறையில் இன்னொரு வழக்கம் உண்டு. அந்த ஊரிலிருந்து கட்டிக்கொடுக்கிற எந்தப் பெண்ணும் சீர்ப் பாத்திரங்களோடு ஒரு மடக்குக் கத்தி கொண்டுபோவாள். அதனால் தாய்மார்கள் வந்து மகளைப் பற்றிக் கேட்டார்கள், தவசிலிங்கமும் தேடிப் பார்த்துச் சொன்னார். பல பெண்களின் கை சாவதானமாகக் காய் நறுக்கியது. சில பெண்களின் கை மட்டும் தினமும் ஏதோ ஒரு நேரத்தில் கத்தியை எடுத்து, முட்டி வெளுக்கிற அளவுக்கு இறுக்கிப் பிடித்து, நடுங்கியது. இறுக்கிப் பிடிக்கிறார்கள் என்றால் என்ன அர்த்தம், பிடி சரியில்லை என்று அர்த்தம், முப்பத்தொரு வருட அனுபவம் அவருக்கு அதைத்தான் சொன்னது. "ஒம் மகளுக்குப் பிடி பெரிசு, கை வலிக்கி, வேற ஒண்ணு அனுப்பிருவோம்" என்று சொன்னார், தாய்மார்கள் நிம்மதியாகப் போனார்கள். இப்படி ஏழு பெண்கள் சேர்ந்ததும் அவர் முதலாளியிடம் பேசினார், முதலாளி யோசித்தார், இடுப்பு சிறுத்து, ரப்பர் வைத்து, சுண்டுவிரலுக்கு இடம் விட்டு ஒரு புதுக் கத்தி செய்தார்கள். அதற்கு மணமகள் பிடி என்று பெயர் வைத்தார்கள், அது நன்றாக விற்றது.

தை மாதம் தவசிலிங்கத்தின் மகள் செண்பகாவுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை கதிரேசன், ஐந்து மணி நேர பஸ் பயணத்தில் இருக்கிற ஒரு நகரத்தில் டைல்ஸ் கடை வைத்திருந்தான், சிகரெட் கிடையாது, குடி கிடையாது, யாரிடமும் குரல் உயர்த்திப் பேசமாட்டான் என்று விசாரித்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். தகப்பனாரின் கை விஷயத்தை மாப்பிள்ளை வீட்டில் சொல்ல வேண்டாம், பரம்பரை வியாதி என்று பேச்சு வரும் என்று உறவுக்காரர்கள் தடுத்தார்கள், அதனால் சொல்லவில்லை. மகளுக்கான கத்தியைத் தவசிலிங்கம் ஒன்பது நாள் பார்த்தார், ஈட்டி மரத்தில் தானே இழைத்தார், சின்ன வயதில் சந்தைக்குக் கூட்டிப்போன அவள் கை தன் கைக்குள் எப்படி இருந்தது என்று நினைத்து நினைத்து இழைத்தார். கத்தியைக் கைமாற்றிக் கொடுத்தால் உறவு அறுந்துவிடும் என்பதால் அதைத் தரையில் வைத்தார், அவள் குனிந்து எடுத்துக்கொண்டாள்.

கல்யாணமான பத்தாவது நாள் மத்தியானம் ஒன்றேகால் மணிக்கு அந்தக் கத்தியை அவள் பிடித்தாள். ஆயிரம் கைகளுக்கு நடுவில் மகள் கையைக் கண்டுபிடிப்பதற்கு அவர் தேட வேண்டியிருக்கவில்லை. முதலில் அவருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு அந்தக் கை இறுகியது, இறுகி நடுங்கியது, அரை மணி நேரம் கழித்துத் தளர்ந்து போய்விட்டது. மறுநாளும் ஒன்றேகாலுக்கு வந்தது, அதற்கு மறுநாளும் வந்தது. ஒன்பது நாள் பார்த்தும் பிடி தப்பிப்போய்விட்டதே என்று தவசிலிங்கம் தன்னையே திட்டிக்கொண்டார். விளிம்பைக் கொஞ்சம் உருட்டி இன்னொரு கத்தி செய்து பார்சலில் அனுப்பினார், பிறகு எடை குறைத்து ஒன்று, பிறகு மணமகள் பிடியிலேயே இன்னும் மெலிதாக ஒன்று. ஒவ்வொன்றும் போய்ச் சேர்ந்ததும் செண்பகா போன் பண்ணி, "நல்லாருக்குப்பா" என்பாள். மறுநாள் ஒன்றேகாலுக்கு அந்தப் புதுக் கத்தியையும் அதே மாதிரி இறுக்குவாள், அதற்கடுத்த நாள் பழைய ஈட்டிமரக் கத்திக்கே திரும்பிவிடுவாள். இப்படியே பதினோரு மாதம் போனது.

நான்காவது மாற்றுக் கத்திக்கு அவர் மரம் அறுத்துக்கொண்டிருந்தபோது வடிவு வந்து முன்னால் உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேக்கேன். அவ கத்தியத் திறக்குதாளா?"

தவசிலிங்கம் அறுப்பதை நிறுத்தினார். திறந்தால் பெருவிரல் நகத்தில் தெரியும், பூட்டு விழுகிற சின்ன அதிர்ச்சி மணிக்கட்டில் தெரியும், நறுக்குவது பூசணியா புளியா என்பதுவரை தெரியும். பதினோரு மாதத்தில் அவள் ஒரு தடவைகூடத் திறக்கவில்லை.

"இல்ல."

"மடக்குன கத்திய எதுக்குப் பிடிக்கா?"

ஒன்றேகால் மணிக்கு வீட்டுக்கு யார் வருவார்கள் என்று வடிவு கேட்கவில்லை, மாப்பிள்ளை கடையைச் சாத்திவிட்டுச் சாப்பிட வருகிற நேரம் அது என்று இரண்டு பேருக்கும் தெரியும். தவசிலிங்கத்துக்கு அந்த ஏழு பெண்களும் நினைவுக்கு வந்தார்கள். அவர்களும் திறந்ததில்லை. பிடி பெரிசு, பிடி பெரிசு என்று அவர்களுடைய தாய்மாருக்குத் தன் வாயால் சொன்னதை நினைத்து அவருக்குத் தன் கை மேலேயே வெறுப்பு வந்தது.

அவர் அந்த ஏழு வீட்டுக்கும் போய், குறை பிடியில் இல்லை என்று சொன்னார். இரண்டு வீட்டில் கேட்டுக்கொண்டு அழுதார்கள். மற்ற வீடுகளில், "நீங்கதான சொன்னீங்க, பிடி பெரிசுன்னு" என்றார்கள், ஒருத்தி அவர் முகத்தைப் பார்க்காமல், "அப்படியே இருக்கட்டும், எம் மக நல்லாத்தான் இருக்கா" என்று கதவைச் சாத்தினாள். மணமகள் பிடியை நிறுத்திவிடலாம் என்று முதலாளியிடம் கேட்டார். மைதீன் முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டு, "கத்திய நிறுத்திரலாம் தவசி, அதுனால யார் கை தளரப்போவுது?" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தவசிலிங்கமும் வடிவும் சொல்லாமல் கொள்ளாமல் மகள் வீட்டுக்குப் போனார்கள். கதிரேசன் வாசலுக்கே வந்து பையை வாங்கினான், காற்றாடிக்குக் கீழே நாற்காலி போட்டான், ஒரு மாப்பிள்ளையிடம் என்னென்ன மரியாதை எதிர்பார்க்க முடியுமோ அவ்வளவும் அவனிடம் இருந்தது. ஒன்றேகால் மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தார்கள். செண்பகா பரிமாறினாள். வலது கை முந்தானைக்குள் இருந்தது, இடது கையால் பரிமாறினாள்.

"சோத்தாங்கையால போடு, என்ன பழக்கம் இது" என்றாள் வடிவு.

"கை சுளுக்கிருக்கும்மா."

தவசிலிங்கத்தின் வலது கை சோற்றுக்குள் இருந்தது, அந்தக் கைக்குள் மகளின் கை இருந்தது. மாப்பிள்ளை, "இன்னும் கொஞ்சம் குழம்பு விட்டுக்கோங்க மாமா" என்று சொன்னபோது அது இறுகியது. அவன் தண்ணீர்ச் சொம்பை எடுத்தபோது இறுகியது. ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, யாருக்கும் கேட்காத மாதிரி மெதுவாக, "உப்பு ஒரு கல்லு கூட" என்று அவன் சொன்னான், சொல்லிவிட்டு மனைவியைப் பார்த்துச் சிரித்தான். தவசிலிங்கத்தின் விரல்கள் மடங்கிப்போய் உருட்டிய சோறு இலையில் சிந்தியது. அவருக்கு அதற்குமேல் ஒரு பருக்கைகூட உள்ளே இறங்கவில்லை.

சாப்பாடு முடிந்து கதிரேசன் வெற்றிலை வாங்கப் போன ஐந்து நிமிடத்தில் அவர் மகளிடம் போய் நின்றார். எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. வாழ்நாள் முழுக்கப் பழகிய வார்த்தைதான் வாயில் வந்தது.

"பிடி உறுத்துதாம்மா?"

"இல்லப்பா. பிடி நல்லாருக்கு. உங்க கையப் பிடிச்சுக்கிட்டிருக்க மாதிரி இருக்கு."

"வீட்டுக்கு வந்துருதியா?"

"இப்ப வேண்டாம்ப்பா. நீங்களும் இனி இப்படித் திடீர்னு வராதீங்க. நீங்க வந்துட்டுப் போனா, மறுநாளு..." அவள் வாசலை எட்டிப் பார்த்துக்கொண்டாள். "அந்த நேரத்துல மட்டும் வேற யாருக்கும் கையக் குடுக்காம இருங்கப்பா, அது போதும்" என்றாள்.

ஊருக்குத் திரும்பி அவர் அதை மட்டும் செய்தார். ஒன்றேகால் மணி ஆனால் பட்டறையில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து கையை மடியில் மல்லாத்தி வைத்துக்கொள்ளுவார். அவர் யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் சாணைப்பாறையில் ஒன்றைச் சொல்ல வேண்டியதில்லை, ஒரு வாரத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. பெண்கள் அந்த நேரத்தில் வருவதை விட்டார்கள். ஒன்றேகாலுக்கு ஐந்து நிமிடம் முன்னால் முதலாளி சாணைச் சக்கரத்தை நிறுத்தச் சொன்னார், இரும்படிக்கிறவர்கள் சம்மட்டியை இறக்கினார்கள், பட்டறைச் சத்தம் நின்றதும் தெருவில் வேலையாக இருந்தவர்களும் நின்றார்கள், குழாயடியில் குடத்தைச் சாய்த்தவள் சாய்த்தபடி நின்றாள். பெரிய மனிதர்கள் இரண்டு பேர் வேட்டி சட்டை மாற்றிக்கொண்டு கதிரேசனைப் பார்த்துப் பேசிவிட்டு வந்தார்கள், காபி கொடுத்தான், பஸ் ஏற்றிவிட்டான், இவ்வளவு தங்கமான பையன் மேல் எதை வைத்துக் குறை சொல்வது என்று அவர்களுக்கே குழப்பமாகிவிட்டது. மறுநாள் செண்பகாவின் பிடி மூன்று மணி வரைக்கும் விடவில்லை. அதற்குப் பிறகு யாரையும் அனுப்பவில்லை. தினமும் அரை மணி நேரம் ஊரே நின்றது, நின்றதைத் தவிர ஊரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

மாசி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை ஒன்றேகால் ஆகியும் அவள் பிடிக்கவில்லை. ஒன்றரை ஆனது. தவசிலிங்கம் மடியில் இருந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபது நிமிடம் கழித்து யாரோ அந்த ஈட்டிமரக் கத்தியை எடுத்தார்கள். அகலமான கை, ஈரப்பசையில்லாத கை, அவசரமில்லாத கை. கல்யாணப் பந்தலில் செண்பகாவின் கையை எந்தக் கையில் பிடித்து வைத்தாரோ அந்தக் கை.

"அவ இல்ல. மாப்பிள்ள" என்றார்.

சம்மட்டிக்காரர் ஒருவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். அகலமான பெருவிரல் கத்தியின் மேல் ஊர்ந்து, நகப் பள்ளத்தைக் கண்டுபிடித்து, திறந்தது. பூட்டு விழுந்தது தவசிலிங்கத்தின் மணிக்கட்டில் தெரிந்தது. தன் விரல்களை விரித்தார், உதறினார், தரையில் அடித்தார், அந்தக் கை அதுபாட்டுக்குத் திறந்த கத்தியை முன்பிடியாகப் பிடித்தது, திருப்பிப் பின்பிடியாகப் பிடித்தது. வடிவுக்கு ஆள் அனுப்பியிருந்தார்கள், அவள் ஓடி வந்து அவர் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், எதற்குப் பிடிக்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. பிறகு கத்தி இறங்கியது. முதலில் தோல், பிறகு மெத்தென்ற சதை, பிறகு நறநறவென்று விதை.

"கொய்யாப்பழம் நறுக்குதாரு" என்றார் தவசிலிங்கம்.

பட்டறை முழுக்க மூச்சு விட்டது. யாரோ சிரித்துக்கூட விட்டார்கள். கொய்யாப்பழத்துக்கா இவ்வளவு என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், முதலாளி சாணைச் சக்கரத்தை ஓட்டச் சொன்னார். அப்போதுதான் போன் அடித்தது.

"மாமா, நல்லாருக்கீங்களா? இப்படி ஒரு கத்தி வீட்டுக்குள்ள இருக்குன்னே எனக்குத் தெரியாது பாத்துக்கோங்க. அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கா. இன்னிக்குத்தான் கண்ணுல பட்டுச்சு." கதிரேசனின் குரல் எப்போதும்போலத் தணிவாக இருந்தது. "என்ன பிடி மாமா. கையில எடுத்தா எடுத்த மாதிரியே தெரியல. கீழ வைக்க மனசே வர மாட்டேங்குது. இனிமே இது என்கிட்டயே இருக்கட்டும்."

முப்பத்தொரு வருடத்தில் எத்தனையோ பேர் எழுதிப் போட்ட பாராட்டுகளை முதலாளி அவருக்குப் படித்துக் காட்டியிருக்கிறார். இதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை.

"செண்பகாகிட்ட குடுங்க மாப்பிள்ள."

போன் கைமாறுகிற சத்தம் கேட்டது. "சொல்லுங்கப்பா" என்றாள்.

அவர் தன் கைக்குள் அவளைத் தேடினார். அவள் அங்கே இல்லை. ஒரு வருடமாக மகளைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் கை சொல்லித் தெரிந்ததுதான், இப்போது அவள் குரல் மட்டும் இருந்தது, குரலிலிருந்து எதையும் கண்டுபிடிக்க அவர் பழகியிருக்கவில்லை. அவளுக்குப் பக்கத்தில் அவன் நின்று பழம் தின்கிற சத்தம் கேட்டது.

"வரட்டுமாம்மா?"

வேண்டாம்ப்பா என்று சொல்லப்போகிறாள் என்று அவர் நினைத்தார்.

"வாங்கப்பா" என்றாள்.

வடிவு அவர் முகத்தைப் பார்த்ததுமே எழுந்து தெருவில் இறங்கிவிட்டாள். முதலாளி தன் சட்டையைக் கழற்றி அவருக்குப் போட்டுவிட்டார். இரண்டரை மணி பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது, இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது. பஸ் எவ்வளவு மெதுவாகப் போகிறது என்று வடிவு வாய்விட்டு அழுதாள், கண்டக்டரிடம் கெஞ்சினாள், கண்டக்டர் பாவம் என்ன செய்வார். தவசிலிங்கம் வலது கையைத் துண்டால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே மருமகன் கத்தியைத் திறந்தான், மூடினான், சும்மா பிடித்துக்கொண்டிருந்தான், மறுபடி திறந்தான். ஐந்து மணி நேரமும் அந்தக் கை அவர் கைக்குள் இருந்தது. ஒரு இடத்தில்கூட அது உறுத்தவில்லை.